காது மெஷின் வாங்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மூன்று நாளைக்கு முன் தூங்கி எழுந்ததிலிருந்து வலது காது அடைத்தாற்போல் இருக்கிறது. வலி இல்லை, மெல்லிய ரீங்காரம் மட்டும். காது அழுக்கைக் கரைக்கும் சொட்டு மருந்து, காதில் வைத்துக் கொளுத்தும் மெழுகுக் குழல் எல்லாம் இணையத்தில் விற்கிறார்கள். எது நல்லது?

பதில்: கடிதம் கிடைத்த அன்றே இவருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

எதையும் வாங்க வேண்டாம். இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வெறும் அழுக்கு என்றால் அவரே எடுத்துவிடுவார். ஆனால் ஒரு காது திடீரென்று மந்தமாவது உள்காது பாதிப்பாகவும் இருக்கலாம். தொடக்கத்தில் இரண்டுமே அடைப்பு மாதிரிதான் தோன்றும். உள்காது பாதிப்புக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பலன். இரண்டு வாரம் கடந்துவிட்டால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சொட்டு மருந்தை ஊற்றிவிட்டுப் பத்து நாள் காத்திருப்பவர்கள் இழப்பது அந்த நாட்களைத்தான். மெழுகுக் குழல் அழுக்கை எடுப்பதே இல்லை, காதைச் சுட்டுவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. டிவி சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. கேட்டால், "நீங்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள்" என்கிறார். தம்பி பேசினால் புரிகிறது, பேத்தி பேசினால் புரிவதில்லை. இணையத்தில் ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். "ஒரே இரைச்சல்" என்று அலமாரியில் வைத்துவிட்டார். இப்போது ஒரு கடையில் 24 சேனல் கருவி எடுக்கச் சொல்கிறார்கள், முதலில் ஒரு காதுக்குப் போதுமாம். வாங்கலாமா?

பதில்: அப்பா சொல்வதை நம்புங்கள், அவருக்கு அப்படித்தான் கேட்கிறது. வயதாகும்போது முதலில் போவது கீச்சென்ற மேல் சுருதி ஒலிகள். உயிரெழுத்துகள் கனமான ஒலிகள், அவை காதில் விழுந்துவிடும். மெல்லிய மெய்யொலிகள்தான் நழுவும். பாசம், பாதம், பாகம் என்று சொல்லிப் பாருங்கள். நடுவில் இருக்கும் எழுத்து நழுவினால் மூன்றும் ஒன்றுதான். யாரோ பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது புரிவதில்லை. குழந்தையின் குரல் தம்பியின் குரலைவிட மேல் சுருதி என்பதால் பேத்தி பேச்சு இன்னும் சிரமம்.

நீங்கள் வாங்கியது வெறும் ஒலிபெருக்கியாக இருக்க வேண்டும். அவருக்கு நன்றாகக் கேட்கும் மின்விசிறி இரைச்சலையும் பாத்திரச் சத்தத்தையும் சேர்த்தே அது பெருக்கியிருக்கும். முறையான ஹியரிங் எய்ட், எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவோ அங்கே அவ்வளவு மட்டும் கூட்டித் தரும். அந்தக் கணக்கு ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைச் சோதித்து வரையும் வரைபடத்தில், இருக்கிறது. ஆகவே கடைக்குப் போகும் முன் இரண்டு வேலை பாக்கி. மருத்துவர் காதுக்குள் பார்க்கட்டும். அழுக்கோ செவிப்பறைக்குப் பின்னால் நீரோ இருந்தால் கருவியே தேவைப்படாமல் போகலாம். பிறகு ஆடியாலஜிஸ்ட்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்), சத்தம் புகாத அறையில், கீழ் சுருதி முதல் மேல் சுருதி வரை (250 முதல் 8000 ஹெர்ட்ஸ்) இரண்டு காதையும் சோதிக்க வேண்டும். பேச்சு புரிகிறதா என்ற சோதனையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

சேனல் என்பது, கருவி ஒலியைச் சுருதிவாரியாகப் பிரித்துக் கையாளும் பகுதி. அதன் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் பார்த்தவரை, வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த எண்ணில்தான். நன்றாகப் பொருத்தப்பட்ட சாதாரணக் கருவி, சரியாகப் பொருத்தாத விலை உயர்ந்த கருவியைவிட நன்றாகவே வேலை செய்யும். கடையில் கேட்க வேண்டியது வேறு: காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, செவிப்பறை அருகே எவ்வளவு ஒலி போய்ச் சேருகிறது என்று அளந்து அமைப்பார்களா? பிறகு எத்தனை முறை திருத்தித் தருவார்கள்? ஒத்துவரவில்லை என்றால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம்? அதை எழுதித் தருவார்களா? முதல் கேள்விக்கே மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

இரண்டு காதிலும் குறை என்றால் பொதுவாக இரண்டுக்கும் போடுவதே நல்லது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அறிவதும், கூட்டத்தில் ஒரு குரலைப் பிரித்துக் கேட்பதும் இரு காதுகள் சேர்ந்து செய்யும் வேலை. அப்பாவின் விரல்களையும் கவனியுங்கள். பொடி பேட்டரியை மாற்றக் கை ஒத்துழைக்காது என்றால் சார்ஜ் செய்யும் வகை எடுங்கள். பேட்டரி வகைதான் என்றால், ஸ்டிக்கரை உரித்ததும் காற்று புகுந்து அது வேலை செய்யத் தொடங்கிவிடும். போடும்போது மட்டும் உரியுங்கள். பேத்தி கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து.

முதல் சில வாரங்கள் பொறுமை வேண்டும். தன் குரலே அவருக்கு அந்நியமாக ஒலிக்கும், தட்டு வைக்கும் சத்தம்கூடத் தூக்கிப்போடும். பல வருடம் கேட்காத ஒலிகளுக்கு மூளை மறுபடி பழக வேண்டும். அமைதியான அறையில் ஒருவரோடு பேசத் தொடங்கி, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கருவி விசிலடித்தால், காதுக்குள் வைக்கும் அதன் அச்சு சரியாக உட்காரவில்லையா, அழுக்கு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். என் அம்மாவின் மெஷினும் ஓராண்டு டப்பாவிலேயே கிடந்தது. விற்றவர்கள் திருத்தித் தர மறுபடி வரச் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த ஓராண்டில் அம்மா எத்தனை பேச்சைத் தவறவிட்டிருப்பார் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கேள்வி: தினமும் ரயில் பயணத்தில் இயர்போன்தான் துணை. எந்த வகை காதைக் கெடுக்காது?

பதில்: எந்த வகை என்பதைவிட எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். ரயில் இரைச்சலை மீறிக் கேட்கத்தான் சத்தத்தைக் கூட்டுகிறோம். அதனால் வெளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் வகைக்குச் செலவு செய்வது வீண் இல்லை; ஆனால் வாங்கியபின் சத்தத்தையும் குறைத்து வையுங்கள். கழற்றியதும் காதில் ரீங்காரம் கேட்டால், அன்று அளவு மீறிவிட்டீர்கள் என்று பொருள். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் செத்துவிட்டால் மறுபடி முளைப்பதில்லை.