மூன்று பேரை வைத்து டோஸ் முடிவு செய்வது எப்படி?

புற்றுநோய் மருந்துகளின் ஆரம்பக்கட்டச் சோதனைகளில் புள்ளியியல் வேலை பார்ப்பவன் நான். வந்த கேள்விகளும் பதில்களும்:

கேள்வி: முதல் கட்டத்தில் மூன்று மூன்று பேராகச் சேர்க்கிறார்களே, அது என்ன கணக்கு?

‘3+3’ முறை. ஒரு டோஸை 3 பேருக்குக் கொடுத்து, பெரும்பாலும் 21 அல்லது 28 நாள் கவனிப்பார்கள். யாருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லையா, அடுத்த டோஸ். ஒருவருக்கு வந்தால் அதே டோஸில் இன்னும் 3 பேர். ஆறில் அந்த ஒருவரோடு நின்றால் ஏறலாம். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அந்த டோஸ் அதிகம், ஒரு படி கீழே வா என்று அர்த்தம். விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் டாக்டர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

கேள்வி: சார், இது சூதாட்டம் இல்லையா?

கொஞ்சம் சூதாட்டம்தான். ஒரு டோஸில் உண்மையிலேயே நூற்றுக்கு 30 பேருக்குக் கடும் பாதிப்பு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூவரும் தப்பிக்கும் வாய்ப்பு 0.7×0.7×0.7, அதாவது 34%. ஒருவர் மாட்டி, அடுத்த மூவரும் தப்பிக்கும் வாய்ப்பு 15%. ஆக 49% நேரம் அதற்கும் மேலே ஏறிவிடுவோம். காசைச் சுண்டியே முடிவெடுக்கலாம்!

இதற்கு மாற்று முறைகள் உண்டு. 1990-ல் புள்ளியியலாளர் ஓ’குவிக்லி குழுவினர் சொன்ன சி.ஆர்.எம். (தொடர் மறுமதிப்பீட்டு முறை), அதுவரை சேர்ந்த எல்லோருடைய தகவலையும் வைத்து அடுத்த டோஸைச் சொல்லும். நான் சிபாரிசு செய்வது பி.ஓ.ஐ.என். (BOIN) என்ற இன்னொரு முறை. நூற்றுக்கு 30 பேருக்குக் கடும் பாதிப்பு வரும் டோஸ்தான் இலக்கு என்றால், இப்போதைய டோஸில் பாதிப்பு வந்தவர்களின் விகிதம் 0.236 வரை ஏறு, 0.358-ஐத் தாண்டினால் இறங்கு, நடுவில் இருந்தால் அங்கேயே நில். அட்டவணையை முன்கூட்டியே அச்சடித்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அப்பாவை முதல் கட்டத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். குணமாகுமா?

சிலருக்குக் கட்டி சுருங்கியிருக்கிறது. ஆனால் சோதனையின் முதல் நோக்கம் அதுவல்ல, டோஸைக் கண்டுபிடிப்பது. எத்தனையாவது டோஸ் படியில் சேர்க்கிறார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். முதல் படிகளில் மருந்து மிகக் குறைவாக இருக்கும்.

கேள்வி: இரண்டாம் கட்டத்தில் வெறும் 17 பேரா?

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் இந்தக் கட்டத்துக்குப் புள்ளியியலாளர் சைமன் 1989-ல் வகுத்த கணக்கு. 5% பேருக்கே கட்டி சுருங்கினால் மருந்து வேண்டாம், 25% என்றால் தொடரலாம் என்று வைத்தால், முதலில் 9 பேர். ஒருவருக்கும் சுருங்காவிட்டால் கடையைக் கட்டலாம். இல்லையென்றால் 17 வரை போய், 3 பேருக்காவது பலன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கேள்வி: தாங்கக்கூடிய உச்ச டோஸ்தானே சிறந்தது?

கீமோ காலத்துப் பழக்கம் அது. குறிவைத்துத் தாக்கும் மருந்துகளுக்குப் பொருந்துவதில்லை. நுரையீரல் புற்றுக்கான சோட்டோராசிப்பை 2021-ல் 960 மி.கி. அளவில் அனுமதித்த அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 240 மி.கி.யோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னது. அதே ஆண்டு, புற்றுநோய் மருந்துகளுக்குச் சரியான டோஸைத் தேர்ந்தெடுக்க வைக்கும் ‘ப்ராஜெக்ட் ஆப்டிமஸ்’ திட்டத்தையும் தொடங்கியது. அதனால் இப்போது இரண்டு டோஸ்களையாவது அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஆள் கூடும், செலவும் கூடும், நிறுவனங்கள் முகம் சுளிக்கின்றன.