கோப்பை இல்லை என்பதால் சவுத்கேட் தோற்றவரா?

"ஒரு கோப்பைகூட வாங்காத சவுத்கேட் வேஸ்ட்" என்று இங்கிலாந்து கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளரைப் பற்றி அடித்துப் பேசும் உங்கள் மச்சானுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையின் 2016 போட்டியை நினைவுபடுத்துங்கள், ஐஸ்லாந்திடம் தோற்று வெளியேறிய இங்கிலாந்து அது. சவுத்கேட் வந்தபின் 2018 உலகக் கோப்பையில் அரையிறுதி, அப்புறம் அடுத்தடுத்து இரண்டு யூரோ இறுதிப்போட்டிகள், மொத்தம் 102 ஆட்டங்களில் 61 வெற்றி; 1966-க்குப் பிறகு இறுதிப்போட்டியையே பார்க்காத அணிக்கு இது சாதாரணமா?

ஆனால் மச்சான் பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த இரண்டு யூரோ இறுதிப்போட்டிகளில் முதலாவதில், லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் இத்தாலிக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே லூக் ஷா கோல் போட்டும் அணி பின்வாங்கி நின்றது. ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் கடைசி நிமிடத்தில், ஆட்டம் சமநிலையில் இருந்ததால் வரவிருந்த பெனால்டி ஷூட்-அவுட்டுக்காகவே இறக்கினார், இருவருமே தவறவிட்டார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள், காதுகொடுத்துக் கேட்பார்.