டெக்சஸில் துப்பாக்கி: வெளியே தெரிந்தால் ஒரு சட்டம், மறைந்தால் ஒரு சட்டம்

தம்பி, டெக்சஸின் ஃப்ரிஸ்கோ ஊரில் ஒரு மளிகைக் கடையில் இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவரைப் பார்த்துப் பதறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். "இங்கே லைசென்ஸே வேண்டாம், நீயும் ஒன்று வாங்கி காரில் வை" என்று ஆபீஸ் நண்பர் சொன்னதையும், ஓப்பன் கேரிக்கும் (வெளியே தெரியும்படி எடுத்துப் போவது) கன்சீல்ட் கேரிக்கும் (மறைத்து எடுத்துப் போவது) எங்கே கோடு கிழிக்கிறார்கள் என்பதையும் கேட்டிருந்தீர்கள்.

நண்பர் சொன்னது அவருக்குப் பொருந்தலாம், உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறீர்கள். தற்காலிக விசாக்காரர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது ஃபெடரல் (நாடு முழுவதற்குமான) சட்டப்படி குற்றம். டெக்சஸ் எவ்வளவு தளர்த்தினாலும் இது மாறாது. வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என்று சில விலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் "வைத்திருப்பது"தான். ஃப்ளோரிடாவில் படிப்பு நின்று மாணவர் விசா தகுதியை இழந்த ஒருவர் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். அந்த வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் முடியும். கிரீன் கார்டு வந்தபின் இந்த விசாத் தடை இல்லை.

இனி அந்தக் கோடு. டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி வேறு சட்டத் தடை இல்லாதவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். வெளியே தெரிந்தால் அது ஹோல்ஸ்டரில் (துப்பாக்கி உறையில்) இருக்க வேண்டும். காரிலும் அப்படித்தான்: பார்வைக்குப் படாமல் வைத்தால் சரி, ஹோல்ஸ்டர் இல்லாமல் சீட்டில் வெளிப்படையாகக் கிடந்தால் குற்றம்.

நான் முன்பு இருந்த நார்த் கரோலைனாவில் இது அப்படியே தலைகீழ். அங்கே வெளியே தெரியும்படி எடுத்துப் போக பெர்மிட் தேவையில்லை, மறைத்தால்தான் ஷெரிஃப் தரும் பெர்மிட் வேண்டும். டாஷ்போர்டில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தால் பிரச்சினை இல்லை. அதையே கைக்கெட்டும் க்ளவ் பாக்ஸில் போட்டால் மாட்டிக்கொள்வார்கள். குளிர்காலத்தில் இடுப்பு ஹோல்ஸ்டருக்கு மேல் கோட்டை இழுத்துவிட்டாலே ஓப்பன் கேரி கன்சீல்ட் கேரியாகிவிடும். அங்கே பழகியவர் அதே வழக்கத்தோடு இங்கே வண்டி ஓட்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

டெக்சஸில் குழப்பம் வருவது பெரும்பாலும் கடை வாசலில். அங்கே மாட்டும் தடைப் பலகைகளுக்குச் சட்டப் பிரிவு எண்ணே பெயர். 30.06 என்ற பலகை, லைசென்ஸ் உள்ளவர் மறைத்து எடுத்து வருவதைத் தடுக்கும். 30.07 வெளிப்படையாக எடுத்து வருவதைத் தடுக்கும். லைசென்ஸ் இல்லாதவர்கள் துப்பாக்கியோடு வருவதைத் தடுப்பது 30.05. சரி, 30.07 மட்டும் மாட்டிய கடைக்குள் லைசென்ஸ் உள்ள ஒருவர் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வருகிறார், மேல் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கக் கையை உயர்த்துகிறார், சட்டை ஏறித் துப்பாக்கி தெரிகிறது. இது ஓப்பன் கேரியா? 2013இல் சட்டத்தைத் திருத்தியபோதே, மறைக்கத் தவறினால் குற்றம் என்றிருந்ததை, வேண்டுமென்றே பிறர் பார்க்கக் காட்டினால்தான் குற்றம் என்று மாற்றிவிட்டார்கள். அதனால் தற்செயலாகத் தெரிந்ததற்காக ஒருவரைத் தண்டிப்பது எளிதல்ல என்பது என் எண்ணம். ஆனால் கடைக்காரர் நேரில் வெளியே போகச் சொல்லியும் போகாமல் நின்றால் கதை வேறு. பலகையை மீறியதற்கு 200 டாலர் வரை அபராதம் என்பது, ஒரு வருடம் வரை ஜெயில் என்று ஏறிவிடும்.

நீங்கள் பார்த்தவர் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் வைத்துக்கொண்டு சாமான் வாங்கிக்கொண்டிருந்தார் என்றால், அதை மட்டும் வைத்து 911 என்ற அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டியதில்லை. மனதுக்குச் சங்கடமாக இருந்தால் மேனேஜரிடம் சொல்லுங்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்தாலோ மிரட்டும் விதமாகக் காட்டினாலோ குடும்பத்தோடு உடனே வெளியேறி, அப்புறம் 911ஐ அழையுங்கள். நண்பர் தன் துப்பாக்கியை உங்கள் காரில் விட்டுவைக்கிறேன் என்றால், தயங்காமல் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.