பசாசோடு ஒரே வீட்டில்: மகன் பார்க்கும் சீனக் கார்ட்டூனை நிறுத்தலாமா?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் தூத்துக்குடியில் இருக்கிறோம். கத்தோலிக்கக் குடும்பம். போன ஜூனில்தான் கடற்கரைக் கிராமத்திலிருந்து டவுனுக்கு வீடு மாறி வந்தோம். மகன் ஒன்பதாம் வகுப்பு, புதுப் பள்ளிக்கூடம். மகள் இரண்டாம் வகுப்பு. இங்கே வந்ததிலிருந்து மகன் அதிகம் பேசுவதில்லை. போனில் ஒரு சீனக் கார்ட்டூனையே திரும்பத் திரும்பப் பார்க்கிறான். ‘ஆல் செயின்ட்ஸ் ஸ்ட்ரீட்’ என்று பெயர். பசாசு, சம்மனசு (தேவதூதர்), ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், மம்மி எல்லாம் ஒரே வாடகை வீட்டில் குடியிருக்கிற கதையாம். என் மாமியார் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “பசாசப் பாத்துப் பிள்ளை சிரிக்கான், வீட்டுக்கு ஆகாது” என்று செபமாலையை எடுத்துவிட்டார். என் கணவரோ “கார்ட்டூன்தானே, விடு” என்கிறார். சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ராத்திரி பயந்து எழுந்து என்னிடம் வருகிறாள். போன வாரம் மகனுடைய நோட்டின் பின்பக்கத்தில் ‘நானும் நீல் மாதிரிதான்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். நீல் என்பது அந்தப் பசாசின் பெயர். அதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. இதை நிறுத்திவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நிறுத்த வேண்டாம். நோட்டில் எழுதியிருந்ததைப் படித்து நீங்கள் பதறியது நியாயம்தான். ஆனால் அந்த நீல் யார் என்று தெரிந்துகொண்டால் உங்கள் கவலை வேறு பக்கம் திரும்பும். திரும்பவும் வேண்டும். அதனால் முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

லிங்ஸி என்ற சீன ஓவியர் வரைந்த படக்கதைதான் இதற்கு மூலம். அதை அனிமேஷன் தொடராக்கி 2020இல் சீனாவின் டென்சென்ட் வீடியோ தளத்தில் வெளியிட்டார்கள். நீல் ஓர் இளம் பசாசு. வாடகைக்கு இடம் தேடி வந்து, 1031 என்ற எண்ணுள்ள வீட்டில் சேர்கிறான். அக்டோபர் 31, அதாவது நம் அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்தின நாள், அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அந்த வீட்டில் லின் என்ற சம்மனசு, ஐரா என்ற ரத்தக் காட்டேரி, தாமாவ் என்ற ஓநாய் மனிதன், அபு என்ற மம்மி. நீல் கூச்ச சுபாவம் உள்ளவன். வெளியே போவதை விட அறைக்குள் உட்கார்ந்து கேம் விளையாடுவதுதான் அவனுக்குப் பிடிக்கும். லின்னுடைய தங்கை லில்லியைப் பார்த்ததும் மனதைப் பறிகொடுத்துவிடுகிறான், ஆனால் அவள் எதிரில் நின்று ஒழுங்காகப் பேசக்கூட வராது. லின்னோ தங்கை விஷயத்தில் கறாரான அண்ணன். ஆத்துமாவைப் பறிப்பது, மனிதரைக் கெடுப்பது போன்ற எதுவும் இந்தக் கதையின் சிரிப்புக்குத் தேவைப்படவில்லை. ஒரே கூரையின் கீழ் ஐந்து விதமான ஆட்கள் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்பதிலிருந்துதான் சிரிப்பு வருகிறது.

இப்படியொரு கதை சீனாவில் பிறந்ததற்கும் அங்கே பிள்ளைகள் இதை விரும்பிப் பார்த்ததற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2020இல் சீனா எடுத்த மக்கள்தொகைக் கணக்கில், பதிவான ஊரை விட்டு வேறு ஊரில் வாழ்பவர்கள் 37 கோடியே 58 லட்சம் பேர். பெய்ஜிங்கில் 2 கோடிக்கு மேல், ஷாங்காயில் ஏறக்குறைய இரண்டரைக் கோடி மக்கள். படிக்கவும் வேலை பார்க்கவும் அங்கே போகிற இளைஞர்களால் தனி வீடு எடுக்க முடியாது. ஒரு வீட்டின் அறைகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு இருக்கிறார்கள். வடக்கே இருந்து வந்தவருக்குக் கோதுமைச் சாப்பாடு வேண்டும், தெற்கத்திக்காரருக்குச் சோறு வேண்டும். ஒருவர் பேச்சு வழக்கு இன்னொருவருக்குப் பாதிதான் புரியும். ஒருவர் தூங்கப் போகிற நேரத்தில் இன்னொருவர் வேலைக்குக் கிளம்புவார். இவர்களை அப்படியே வரைந்தால் சாதாரணக் கதை. கொம்பும் சிறகும் கோரைப்பல்லும் வைத்து வரைந்தபோது, ‘என்னோடு இருப்பவர் எனக்கு எவ்வளவு அந்நியர், ஆனாலும் எவ்வளவு வேண்டியவர்’ என்பது பார்த்த உடனே புரிந்துவிடுகிறது.

இனி உங்கள் மகனைப் பாருங்கள். பிறந்து வளர்ந்த ஊரை ஜூனில் விட்டுவிட்டு வந்தான். கூட ஓடி விளையாடிய பிள்ளைகள் அங்கே. இங்கே ஒன்பதாம் வகுப்பில், ஏற்கெனவே சேர்ந்தே படித்து வந்த பிள்ளைகளுக்கு நடுவில் புதிதாகப் போய் உட்கார்ந்தான். அந்த வயதில் அது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள், ‘அதிகம் பேசுவதில்லை’ என்று. எனக்கு அந்த வரிதான் பெரிதாகத் தெரிகிறது. ‘நானும் நீல் மாதிரிதான்’ என்று அவன் எழுதியபோது கொம்பை நினைத்திருக்க மாட்டான் தங்கச்சி. எல்லோரும் ஏற்கெனவே செட்டாகி இருக்கிற ஒரு வீட்டுக்குள் கடைசியாக வந்து, வாசலில் தயங்கி நிற்கிற அந்தக் கூச்சக்காரப் பையனைத்தான் நினைத்திருப்பான். உங்களிடம் சொல்ல வாய் வராததை நோட்டில் எழுதியிருக்கிறான். கார்ட்டூனை நிறுத்தினால், அவனுக்குப் பேச்சுத் துணையாக இருக்கிற ஒன்றும் போய்விடும், நீங்கள் நோட்டைப் பார்த்த விஷயமும் அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நோட்டிலும் எழுத மாட்டான்.

அதனால் நோட்டைப் பற்றி இப்போதைக்கு வாயே திறக்க வேண்டாம். ஒரு சாயங்காலம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “முதல்லேர்ந்து போடு, நானும் பாக்கேன்” என்று சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்து பாருங்கள், சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ‘இதுல என்ன நீதி’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாலைந்து நாள் போகட்டும். பிறகு, “உங்க கிளாஸ்ல லின் மாதிரி கறார் யாரு, தாமாவ் மாதிரி தடாலடி யாரு?” என்று கேளுங்கள். பெயர்கள் வர ஆரம்பிக்கும். யாரோ ஒருவன் பெயர் இரண்டு மூன்று தடவை வந்தால், அந்தப் பையனை ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லுங்கள். நீங்கள் வைக்கிற மீன் குழம்பு பாதி வேலையைச் செய்துவிடும். ஒருவேளை பெயரே வரவில்லை, பள்ளிக்கூடம் என்றாலே முகம் வாடுகிறது என்றால், வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். யாராவது அவனைக் கேலி செய்கிறார்களா என்று கேளுங்கள். அதில் தாமதம் கூடாது.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் பயம் கேலிக்குரியது இல்லை. ஆயுள் முழுக்கச் செபித்து வந்த மனுஷிக்கு, பேரன் பசாசைப் பார்த்துச் சிரிப்பது கலக்கமாகத்தான் இருக்கும். “சும்மா இருங்க ஆச்சி” என்று மகன் சொன்னால் கண்டியுங்கள். செப நேரத்தில் போன் கூடாது என்று ஒரு வரம்பு வையுங்கள், அது அத்தைக்குத் தருகிற மரியாதை. திருச்சபை பசாசைப் பற்றிச் சொல்வதும் இந்தக் கதை சொல்வதும் ஒன்றல்ல என்று மகனுக்கு இந்த வயதில் நன்றாகவே புரியும். சந்தேகம் இருந்தால் மறைக்கல்வி ஆசிரியரிடம் கேட்கட்டும். இன்னொன்றும் செய்யலாம். மிக்கேல் அதிதூதர் கதையை அத்தையிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால், பேரன் பார்க்கிற கதையைப் பற்றி அவரும் இரண்டு கேள்வி கேட்பார்.

அத்தையிடம் சீனர்களைப் பற்றி இதையும் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். தெய்வமும் ஆவியும் வீட்டுக்குள்ளேயே கூட இருந்து சாப்பிட்டுத் தூங்குவது போன்ற கதைகள் அங்கே மிகப் பழையவை. சமையலறை அடுப்புக்கு மேலே ஒரு தெய்வத்தின் படத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் யார் என்ன பேசினார்கள், எப்படி நடந்துகொண்டார்கள் என்பதை ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொண்டே இருப்பது அதன் வேலை. அவர்கள் நாட்காட்டியின் கடைசி மாதத்தில், வடக்கே 23ஆம் நாள், தெற்கே பெரும்பாலும் 24ஆம் நாள், அது மேலுலகம் போய் எல்லாவற்றையும் ஒப்பிக்குமாம். கிளம்புவதற்கு முன் ஒட்டும் மிட்டாய் படைப்பார்கள். வாயில் ஒட்டிக்கொண்டால் கெட்டதைச் சொல்ல முடியாது, இனித்தால் நல்லதையே சொல்லும். அப்புறம் பழைய படத்தை எரித்து அனுப்பிவிட்டுப் புத்தாண்டுக்குப் புதுப் படம் ஒட்டுவார்கள். ஷான்டோங் பகுதியில் பூ சோங்லிங் என்று ஒருவர் இருந்தார், 1640இல் பிறந்தவர். அரசுப் பதவிக்கான பரீட்சையில் திரும்பத் திரும்பத் தோற்று, வசதியான வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். அவர் எழுதி வைத்த ஏறக்குறைய 500 கதைகளில் நரிகள் பெண்ணுருவில் ஏழைப் படிப்பாளிகளின் வீட்டுக்கு வரும், குடும்பம் நடத்தும், கூடவே இருந்து உதவும். 1715இல் அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1766இல்தான் அவை அச்சாயின. ஒன்பது வால் நரி இன்றைய நகரத்தில் வாழ்வது போல 2018இல் வந்த ‘ஃபெய் ரென் ஸாய்’ தொடரிலும் அந்தப் பழைய சுவையே இருக்கிறது. ஆக, 1031ஆம் எண் வீட்டில் இருப்பவர்கள் ஐரோப்பாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வந்த உருவங்கள் என்றாலும், அவர்களை உட்கார வைத்துச் சோறு போடுகிற மனசு சீன மனசுதான்.

சின்னவளுக்கு மட்டும் இது வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது கேலிச் சித்திரம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. கோரைப்பல் கோரைப்பல்தான். அவள் முன்னால் பார்ப்பதில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். தங்கச்சி ராத்திரி பயப்படுகிறாள் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவளுக்கு வேண்டுமானால் அண்ணன் நீலின் படத்தை ஒரு தாளில் வரைந்து கொடுக்கட்டும், அவள் கலர் அடிக்கட்டும். பயந்ததைத் தன் கையாலேயே கலர் அடித்த பிறகு அந்தப் பயம் குறையும்.

போன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு பகுதியும் ஐந்தாறு நிமிடம்தான். அதனால்தான் ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். நிமிடக் கணக்கு வைத்தால் சண்டைதான் வரும். இத்தனை பகுதி என்று எண்ணிக்கை வைத்து, தானாக அடுத்தது ஓடுவதை அணைத்துவிடுங்கள். எந்தத் தளத்தில் பார்க்கிறான் என்றும் பாருங்கள். திருட்டுத் தளங்களில் நடுநடுவே குதிக்கிற விளம்பரங்கள்தான், அத்தை பயப்படுகிற எதையும் விட ஆபத்தானவை. முறையாக வெளியிடும் தளத்திலோ சேனலிலோ, வசனம் கீழே ஆங்கில எழுத்தில் ஓடுவதைப் பார்க்கட்டும். எழுத்து வேகமாக ஓடும், வாசிப்புப் பழக்கத்துக்கும் நல்லது.

இது முடிந்ததும் அடுத்து எதைப் பார்ப்பான் என்று காத்திருக்காமல் நீங்களே எடுத்துக் கொடுக்க ஒன்று சொல்கிறேன். இதே தொடரை உருவாக்கிய எச்.எம்.சி.எச். ஸ்டுடியோவின் ‘லுவோ ஷியாவ்ஹெய்’. எம்.டி.ஜே.ஜே. என்ற புனைபெயரில் இயங்கும் இயக்குநர் 2011இல் இணையத்தில் சின்னச் சின்னப் பகுதிகளாகத் தொடங்கினார். 2019இல் முழுநீளப் படமாகவும் வந்தது. காடு அழிக்கப்பட்டதால் வீட்டை இழந்த ஒரு கறுப்புப் பூனை ஆவி, இனி எங்கே போவது என்று தெரியாமல் அலைகிற கதை அந்தப் படம். மனிதர்களை வெறுத்து ஒதுங்குவதா, அவர்களோடு ஒட்டி வாழப் பழகுவதா என்று அந்தக் குட்டி திண்டாடும். சண்டைக் காட்சிகள் உண்டு, ஆனால் கொடூரம் கிடையாது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சேர்ந்து பாருங்கள், அத்தையையும் கூப்பிடுங்கள். பூனைக்குப் புது வீடு பிடித்ததா என்று மகனிடம் கேளுங்கள். அப்போது அவன் என்ன சொன்னான் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா