கல்யாண வீட்டுக்காரருக்கு நேரம் எங்கே?

கேள்வி: ஆவணியில் மகளின் கல்யாணம், மண்டபம் திருகோணமலை நகரில். கனடா, லண்டனில் இருந்து 16 பேர் வருகிறார்கள். அவர்களோடு ஆறுதலாக இருக்கவும் வேணும், வேலையும் நடக்க வேணும். எப்படி நேரம் ஒதுக்குவது?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: கல்யாணத்துக்கு முந்திய மூன்று நாளும் உங்களுடையவை அல்ல. பந்தல்காரர், ஐயரின் சாமான் பட்டியல், பலகாரம் என்று ஓடிவிடும். அந்த நாட்களில் யாருக்கும் நேரம் சொல்லாதீர்கள். ரிக்கெற் போட முதலே, "கல்யாணம் முடிந்து நாலு நாளாவது நில்லுங்கோ" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் முன்னால் ஒரு கிழமை, பின்னால் ஒரு நாள் என்றுதான் போடுவார்கள். மகளோடு திரிய ஆசைப்படும் மச்சாள்மார், தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்குக்கு முதல் வரட்டும். அதற்குப் பிறகு மணமக்களை வெளியே விடமாட்டார்கள்.

வந்திறங்கும் நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகச் சாப்பாட்டு நிறுத்தத்தோடு ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னேரம் இறங்குபவர்கள் நீர்கொழும்பில் தங்கி விடியப் புறப்படட்டும். ஹபரணை – கந்தளாய் றோட்டில் இருட்டினால் யானை குறுக்கே நிற்கும்.

இனி வான் புரோக்கர். "14 சீற்" என்பார். அது கைப்பையோடு கோயிலுக்குப் போகும் கணக்கு. ஆளுக்கு 23 கிலோ பெட்டி இரண்டு என்றால் ஒரு வானில் ஆறேழு பேர்தான் ஏறலாம். உங்கள் 16 பேருக்கு மூன்று வான் வேணும், அல்லது இரண்டு வானும் பெட்டிக்கு ஒரு சின்ன லொறியும். புரோக்கரை விட்டுவிட்டு ஓட்டுநரிடமே பேசுங்கள். எரிபொருள், சாரதியின் தங்கல், காத்திருப்பு எல்லாம் அடங்கிய ஒரே தொகையை எழுதி வாங்குங்கள். மூலிகைத் தோட்டம், மாணிக்கக்கல் கடைகளில் நிறுத்துவதில்லை என்றும் எழுதுங்கள். அங்கே அவருக்குக் கொமிஷன், உங்களுக்கு இரண்டு மணித்தியாலம் நட்டம்.

விசா எடுத்துத் தருகிறோம் என்று அரச தளம் மாதிரியே வேஷம் போட்ட இணையத்தளங்களும் உண்டு. 2024இல் அரசாங்கம் விசா வேலையை வெளியாருக்குக் கொடுத்தது, உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. சனம் குழம்பாமல் என்ன செய்யும்? குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் மட்டும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

ஊர் சுற்றலில் நீங்கள் கூடப் போக வேண்டியது கோணேசர் கோயிலுக்கு மட்டும். விடியப் போனால் கோட்டை வாசலில் இருந்து வெயில் ஏற முதல் நடந்து ஏறலாம், கதைக்கவும் நேரம் கிடைக்கும். மதியம் நடை சாத்தியிருக்கும். புறாத்தீவுக்கு இளசுகளை நிலாவெளியில் இருந்து காலைப் படகில் அனுப்புங்கள். ஆவணியில் கடல் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு ரிக்கெற் விலை வேறு. "நான் மூதூரில் பிறந்தவன்" என்று கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் கல்யாணத்துக்குப் பிறகு வையுங்கள். இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை செய்யும் இடம் என்று முன்னால் போகத் தயங்கும் பெரியவர்கள் உண்டு.

ஒரு விதிவிலக்கு: லீவு இல்லாமல் மூன்றே நாளுக்கு வருபவர். முதல் நாள் வந்து, கல்யாணத்துக்கு மறுநாள் போய்விடுவார். "பிறகு பார்ப்போம்" என்பது இவருக்குப் பொருந்தாது. இவரை ஹொட்டேலில் விடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே, சாமி அறைக்குப் பக்கத்தில் என்றாலும், பாய் போட்டுப் படுக்க வையுங்கள். முதல் நாள் இரவு தாம்பூலப் பை கட்டும் வேலையை அவரோடு இருந்து செய்யுங்கள். 300 பை கட்ட இரண்டு பேருக்கு மூன்று மணித்தியாலம் பிடிக்கும். கை வேலை செய்ய வாய் கதைக்கும். வயதான மாமி என்றால் வெற்றிலை துடைக்கக் கொடுங்கள், குனிந்து எழும்பும் வேலை வேண்டாம். கல்யாணத்துக்கு மறுநாள் வழியனுப்ப அவருடைய வானில் கந்தளாய் வரைக்கும் நீங்களும் ஏறுங்கள். திரும்ப பஸ் இருக்கிறது.