மேற்கோளில் அப்பாவின் இனிஷியல் மட்டும் வந்து நிற்கிறதே, ஏன்?

கேள்வி: சமூகவியல் ஆய்வு மாணவி நான். ஆங்கில ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரையை, ‘மேற்கோள்கள் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) 7-ஆம் பதிப்பு முறையில் இல்லை’ என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். மொத்தம் 64 நூல்கள், கட்டுரைகள். ஸொட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளில்தான் செய்தேன். ஆனாலும் சில இடங்களில் (எஸ், 2021) என்று ஒற்றை எழுத்து வருகிறது. ஓர் ஆசிரியருக்கு மட்டும் காரணமில்லாமல் இனிஷியல் முன்னால் ஒட்டிக்கொள்கிறது. தமிழ் நூல்களை எப்படிக் கொடுப்பது என்பதும் குழப்பம். பட்டியல் முழுவதையும் கையாலேயே தட்டச்சு செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வேர்டில் பட்டியலுக்குள் நேரடியாகத் திருத்தினால், அடுத்த முறை ரிஃப்ரெஷ் ஆகும்போது அத்தனையும் அழிந்துபோகும். ஸொட்டேரோ தன்னிடம் உள்ள தகவலை வரிசைப்படுத்தி அச்சிடும், அவ்வளவுதான். உள்ளே போன தகவல் கோணலாக இருந்தால் எந்த நடையைத் தேர்ந்தெடுத்தாலும் கோணலாகவே வரும். ஆகவே ஸொட்டேரோவுக்குள் போய்த் திருத்துங்கள்.

முதலில் அந்த ‘எஸ்’. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. எஸ். பிரியா என்றால் எஸ் அப்பாவின் பெயரின் முதலெழுத்து, பிரியா அவருடைய பெயர். ஆனால் இதழ்களின் படிவம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்களைத்தான் காட்டும். ‘பிரியா எஸ்’ என்று எழுதுகிறவர் பிரியாவை முதல் கட்டத்திலும் எஸ்ஸைக் கடைசிக் கட்டத்திலும் போட்டுவிடுகிறார். அது அப்படியே, கட்டுரை விவரங்களைச் சேமித்து வைக்கும் கிராஸ்ரெஃபில் பதிவாகி, டிஓஐ (கட்டுரையின் நிலையான அடையாள எண்) கொடுத்து இறக்கும்போது உங்கள் ஸொட்டேரோவுக்கும் வந்து சேர்கிறது. ஏபிஏ நடை கடைசிப்பெயரை எடுக்கும். எனவே (எஸ், 2021), பட்டியலில் ‘எஸ், பி.’. திருத்துவது எளிது: ஆசிரியர் பெயர்மேல் வலது சொடுக்கு சொடுக்கி, முதற்பெயரையும் கடைசிப்பெயரையும் இடம் மாற்றும் கட்டளையைக் கொடுங்கள். கடைசிப்பெயர்க் கட்டத்தில் ‘பிரியா’, முதற்பெயர்க் கட்டத்தில் புள்ளியோடு ‘எஸ்.’ இருக்க வேண்டும். ஆசிரியர் பெயர்களை மட்டும் மேலிருந்து கீழே ஒரு நோட்டம் விடுங்கள்; கடைசிப்பெயர் ஒன்றிரண்டு எழுத்தாக இருக்கும் பதிவுகள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. இங்கே ஒரு எச்சரிக்கை. ஒருவர் தன் கட்டுரைகளில் அப்பாவின் முழுப்பெயரையே கடைசிப்பெயராக வைத்து வெளியிட்டு வந்தால், அதை மாற்றாதீர்கள். நாம் சரி என்று நினைப்பதல்ல, அவர் எப்படி அச்சிட்டிருக்கிறாரோ அதுவே கணக்கு.

கட்சி, அரசுத் துறை, பல்கலைக்கழகம் போன்றவை ஆசிரியராக இருந்தால் பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி ஒற்றைக் கட்டமாக்குங்கள். இல்லாவிட்டால் துறையின் பெயர் பாதியாக உடைந்து இனிஷியலாகிவிடும்.

அடுத்து, ஒட்டிக்கொள்ளும் இனிஷியல். ஒரே கடைசிப்பெயரில் இருவர் இருந்தால் பிரித்துக்காட்ட இனிஷியல் சேர்ப்பது ஏபிஏ விதி. நம் பட்டியலில் இரண்டு முருகன்கள் இருப்பது இயல்புதான். ஆனால் ஒரே முருகன் ஒரு பதிவில் ‘கே.’ என்றும் இன்னொன்றில் ‘கருப்பையா’ என்றும் இருந்தால், மென்பொருள் அவர்களை இரண்டு பேராக எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுவே. எல்லாப் பதிவிலும் ஒரே வடிவம் கொடுத்து ரிஃப்ரெஷ் செய்தால் இனிஷியல் போய்விடும்.

திருப்பி அனுப்பியதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். பல துறைகளில் கைமாறிவரும் வழிகாட்டித் தாள்கள் 2009-இல் வந்த 6-ஆம் பதிப்பைச் சேர்ந்தவை. 7-ஆம் பதிப்பு 2019 அக்டோபரில் வெளிவந்தது. பதிப்பகத்தின் ஊர்ப்பெயர் பட்டியலில் இருந்தால் அது பழைய முறை. இப்போது பதிப்பகத்தின் பெயர் மட்டும் போதும். மூன்று பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் கட்டுரைக்குள் முதல் முறையிலிருந்தே முதல் ஆசிரியர் பெயரும் ‘எட் அல்.’ (மற்றும் பிறர்) என்பதும்தான். பட்டியலில் 20 ஆசிரியர்கள் வரை எல்லோர் பெயரும் வர வேண்டும். 21 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் 19 பேர், மூன்று புள்ளிகள், கடைசி ஆசிரியர். டிஓஐ முழு இணைய முகவரியாக இருக்க வேண்டும், முடிவில் புள்ளி கூடாது. ஸொட்டேரோவின் ஆவண அமைப்பில் 7-ஆம் பதிப்பு தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கட்டுரைத் தலைப்பில் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கினால் அதுவும் பிழை. முதற்சொல், முக்காற்புள்ளிக்கு அடுத்த சொல், சிறப்புப்பெயர் ஆகியவற்றுக்கு மட்டுமே பெரிய எழுத்து. தலைப்பின்மேல் வலது சொடுக்கில் ‘சென்டென்ஸ் கேஸ்’ இருக்கிறது. அது சென்னையையும் தமிழையும்கூடச் சிறிய எழுத்தாக்கக்கூடும், ஒருமுறை கண்ணால் பாருங்கள். இதழின் பெயருக்கு இந்த விதி இல்லை.

இனி தமிழ் நூல்கள். ஆங்கில இதழில் தலைப்பை ரோமன் எழுத்தில் பெயர்த்து, பக்கத்தில் சதுர அடைப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பு தர வேண்டும். கட்டுரையானால் கட்டுரைத் தலைப்புக்கு மட்டும் மொழிபெயர்ப்பு; இதழின் பெயர் எழுத்துப்பெயர்ப்போடு நிற்கும். ஒலிபெயர்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையை எடுத்துக்கொள்ளலாம்: ழ, ற, ன மூன்றுக்கும் எழுத்தின் அடியில் கோடு, ள, ண இரண்டுக்கும் அடியில் புள்ளி. எந்த முறையானாலும் 64-க்கும் ஒன்றே இருக்கட்டும். ஓரிடத்தில் கோடு, இன்னோரிடத்தில் ‘இசட் எச்’ என்று ழகரம் இரண்டு வேடம் போட்டால் அகரவரிசையே குலையும். ஆசிரியர் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் வழக்கம் வைத்திருந்தால் அதைக் குறிகளால் மாற்ற வேண்டாம்.

மறுபதிப்புகளில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை முதலில் பதிப்பித்தது 1894-இல். உங்கள் கையில் இருப்பது பின்னால் வந்த அச்சு. பட்டியலில் கையில் உள்ள பதிப்பின் ஆண்டு. கட்டுரைக்குள் 1894, சாய்கோடு, பிறகு அந்த ஆண்டு. இதற்கு ‘எக்ஸ்ட்ரா’ கட்டத்தில் ‘ஒரிஜினல்-டேட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து 1894 என்று இட்டால் போதும். பாடலைச் சுட்டும்போது பக்க எண்ணை விடப் பாட்டெண் நல்லது. 192 என்றால் எந்தப் பதிப்பிலும் கணியன் பூங்குன்றனாரிடம்தான் போய்ச் சேரும்.

எல்லாம் திருத்தியபின், கையால் அடித்த மேற்கோள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேர்டின் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்டு பகுதியில் ஃபீல்டு ஷேடிங்கை ‘ஆல்வேஸ்’ என்று மாற்றுங்கள். ஸொட்டேரோ இட்டவை சாம்பல் நிறத்தில் தெரியும். நிறமில்லாமல் அடைப்புக்குள் ஆண்டு நின்றால் அது நீங்கள் அடித்தது. பட்டியலில் அதற்குப் பதிவு இல்லாமல் போகலாம். அடுத்து டிஓஐ ஒவ்வொன்றையும் சொடுக்குங்கள். 64 என்பது அரை மணி நேர வேலை. முன்கூட்டியே இணையத்தில் வந்த கட்டுரை இப்போது இதழில் தொகுதி எண்ணோடு வந்திருந்தால், ஆண்டையும் பக்கத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

சதுர அடைப்பு மொழிபெயர்ப்பைத் தலைப்புக் கட்டத்திலேயே சேர்த்திருப்பீர்கள். நூலாக இருந்தால் ஸொட்டேரோ அதையும் சாய்வெழுத்தாக்கிவிடும்; அடைப்பு நேரெழுத்தில் இருக்க வேண்டும். இது ஒன்றுதான் கையால் செய்ய வேண்டியது, அதுவும் கடைசியில். கோப்பை நகலெடுத்து, நகலில் ‘அன்லிங்க் சைட்டேஷன்ஸ்’ (ஸொட்டேரோ இணைப்பைத் துண்டிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு அதில் சாய்வை நேராக்கி இதழுக்கு அனுப்புங்கள். மூலக்கோப்பை அழித்துவிடாதீர்கள். மதிப்பீட்டாளர்கள் இன்னும் ஐந்து கட்டுரைகளைச் சேர்க்கச் சொன்னால் அதில்தான் சேர்க்க முடியும்.