விருந்துக்கு அரிசிம்பருப்பு போடலாமா?

கேள்வி: நாங்கள் நான்கு குடும்பம். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்ததால் பழக்கமானோம். மாதம் ஒரு சனிக்கிழமை, முறை வைத்து ஒருவர் வீட்டில் இரவுச் சாப்பாடு. ஆரம்பத்தில் ரவை உப்புமாவும் தேங்காய்ச் சட்னியுமாக நிம்மதியாகத்தான் போனது. பிறகு ஒருவர் பனீர் செய்தார், அடுத்தவர் பிரியாணி போட்டார். போன மாதம் தோசை மாஸ்டரையே வரவழைத்து மொத்தம் 14 வகை. எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் படமாக வந்துவிட்டது. "போன தடவை பிரியாணி இதைவிடத் தூக்கலா இருந்துச்சு" என்று சாப்பிடும்போதே பேச்சு. ஒரு தோழி இரண்டு மாதமாக ஏதாவது காரணம் சொல்லி வருவதில்லை. அடுத்தது என் முறை. பெரியவர்கள் 8, பிள்ளைகள் 5. நான் வேலைக்குப் போகிறவள், 14 வகையெல்லாம் என்னால் ஆகாது. குறைத்தால் கஞ்சம் என்பார்களோ என்று பயம். மாமியார் வேறு, "வர்றவங்களுக்கு ஒழுங்கா செய்யலைன்னா நமக்குத்தான் கேவலம்" என்கிறார். என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: போட்டியை நிறுத்தும் வசதி இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. விருந்தாளியாகப் போகும்போது "எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டால் பொறாமை என்று நினைப்பார்கள். சமைக்கிற முறை வரும்போது இறக்கிக் காட்டினால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அதனால் "இனிமேல் மூன்று வகைக்கு மேல் கூடாது" என்று குழுவில் சட்டம் போடாதீர்கள். போன மாதம் 14 வகை செய்தவருக்கு அது தன்னைக் குத்துவதாகத்தான் படும்.

என்ன சமைப்பது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். உங்கள் ஊர் அரிசிம்பருப்பு சாதம் போதும். வீட்டில் மட்டும் செய்வது, ஆளுக்கு முன்னால் வைக்கக் கூடாது என்று அதை ஒதுக்கி வைத்திருப்பது அநியாயம். ஒரே பாத்திரச் சமையல். பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். சைவம், அசைவம் என்ற பிரச்சினை இல்லை. படம் எடுத்தால் பெரிதாக எடுபடாது. உங்கள் நிலைமையில் அதுவும் நல்லதுதான்.

அதைவிட முக்கியம், பரிமாறும் நேரத்தில் நீங்கள் அடுப்படியில் இருக்க வேண்டியதில்லை. 13 பேருக்கு ஆளுக்கு மூன்று தோசை என்றால் 39 தோசை. ஒன்றுக்கு இரண்டரை நிமிடம் வைத்தாலும் ஒரே கல்லில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூரி என்றால் குறைந்தது ஐம்பது போட வேண்டும், முக்கால் மணி நேரம் எண்ணெய் முன்னால் நிற்க வேண்டும். மற்றவர்கள் கை கழுவிய பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு மிச்சம் இருப்பது "எப்படி இருந்துச்சு?" என்ற கேள்வி ஒன்றுதான். பேச்சு முழுக்கச் சமையலைப் பற்றியே சுற்றுவதற்கு இது ஒரு காரணம்.

அளவுக்கு வருவோம். 200 மில்லி டம்ளரில் 5 டம்ளர் அரிசி, ஒன்றரை டம்ளர் துவரம்பருப்பு. எடையில் அரிசி சுமார் 850 கிராம், பருப்பு 250 கிராம். சின்ன வெங்காயம் 300 கிராம், பூண்டு 25 பல், தக்காளி 400 கிராம், வரமிளகாய் 8, சீரகம் 2 தேக்கரண்டி, மிளகு ஒன்றரை தேக்கரண்டி, மஞ்சள்தூள் 1 தேக்கரண்டி, சாம்பார் பொடி 3 தேக்கரண்டி, கடலை எண்ணெய் 6 மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, கொத்தமல்லி. அரை மூடித் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடலாம். பொடியுப்பு 6 தேக்கரண்டி போட்டு, மூடுவதற்கு முன் தண்ணீரை ருசி பாருங்கள். தண்ணீரில் உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாகத் தெரிந்தால்தான் சோற்றில் சரியாக இருக்கும்.

வீட்டுக்குச் செய்யும் கணக்கை அப்படியே பெருக்கினால் தப்பாகும். ஒரு டம்ளருக்கு மூன்று டம்ளர் தண்ணீர் வைத்துப் பழகியிருப்பீர்கள். ஆறரை டம்ளருக்கு அந்தக் கணக்கில் பத்தொன்பதரை வரும், 18 போதும். ஆவியாகப் போகும் தண்ணீர் பாத்திரம் பெரிதானால் அதே விகிதத்தில் கூடுவதில்லை. மிளகாயையும் தாளிப்பு எண்ணெயையும் அப்படித்தான், கொஞ்சம் குறைத்தே போட வேண்டும். அரிசி புதுசாக இருந்தால் தண்ணீரில் இன்னும் ஒரு டம்ளர் குறையுங்கள்.

இதற்கு 10 லிட்டர் குக்கர் வேண்டும். அரிசி, பருப்பு வேகவைக்கும்போது தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பருப்பு நுரை பொங்கி வெயிட் போடும் குழாயை அடைத்துவிடும். 10 லிட்டர் இல்லையென்றால் 5 லிட்டர் குக்கர் இரண்டில் சரிபாதியாகப் பிரியுங்கள். 7 லிட்டரில் அமுக்கிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

பருப்பை அரை மணி நேரம் தனியாக ஊற வையுங்கள், அரிசிக்கு 15 நிமிடம் போதும். வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வந்தால் கவலையில்லை. போர் தண்ணீரென்றால் அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தாலேயே பருப்பு வேகாமல் அடம் பிடிக்கும், தக்காளியின் புளிப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குடிக்கிற தண்ணீரில் ஊற வைத்து அதிலேயே வேக வையுங்கள்.

எண்ணெய் காய்ந்ததும் சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, பூண்டு, வெங்காயம், தேங்காய்க் கீற்று என்று வரிசையாகப் போட்டு, வெங்காயம் சிவந்ததும் தக்காளி. தக்காளி மசிந்து எண்ணெய் பிரிந்த பிறகு பொடிகளைப் போடுங்கள். தண்ணீர் ஊற்றியதும் தோசைத் திருப்பியால் அடியை நன்றாகச் சுரண்டிவிடுவது அவசியம். பெரிய குக்கரில் அடிபிடிப்பது பெரும்பாலும் அரிசியால் இல்லை, ஒட்டிக்கொண்டிருக்கும் தக்காளி மசாலாவால். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு அரிசி, பருப்பைப் போட்டு, மறுபடி கொதி வந்ததும் ஒருமுறை கிளறி மூடுங்கள். மூன்று விசில், பிறகு சிறுதீயில் ஐந்து நிமிடம். அப்படியும் அடிபிடித்துவிட்டால் கிளறாமல் மேலாக இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். கிளறினால்தான் தீய்ந்த வாடை எல்லாவற்றிலும் ஏறும்.

நேரக் கணக்கு: 8 மணிக்குச் சாப்பாடு என்றால் 6.40-க்குத் தாளியுங்கள், 7 மணிக்கு மூடி. இவ்வளவு அளவுக்கு முதல் விசில் வரவே 20 நிமிடம் ஆகும். 7.30-க்கு அடுப்பை அணைத்தாலும் ஆவி தானாக அடங்க இன்னொரு 20 நிமிடம். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பசியோடு பிள்ளைகள் நிற்க, வெயிட்டைத் தூக்கிவிட்டால் பருப்புத் தண்ணீர் கூரை வரை அடிக்கும். திறந்ததும் நெய் 100 கிராம் விட்டுக் கிளறுங்கள், மீதி 100 கிராம் பந்தியில் ஊற்ற. கால் மணி நேரத்தில் சோறு இறுகத் தொடங்கும் என்பதால், கொதிக்கும் தண்ணீர் ஒரு சொம்பு பக்கத்தில் இருக்கட்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சோறு தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும்.

தொட்டுக்கொள்ள ஒன்றே ஒன்று: உருளைக்கிழங்கு வறுவல், ஒன்றரை கிலோ. முக்கால் வேக்காட்டில் எடுத்து, ஆறவிட்டு, இரண்டு ஈடாக வடச்சட்டியில் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் ஆவியிலேயே குழைந்து மசியல் ஆகிவிடும். அப்பளம் சாயங்காலமே பொரித்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடலாம். தயிர் ஒன்றரை லிட்டர், ஊறுகாய். அவ்வளவுதான்.

இனி மனிதர்கள் பக்கம். "ஆளுக்கு ஒரு ஐட்டம் செஞ்சு எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான்கு வீட்டுப் பாத்திரம் ஒரே மேசையில் வரிசையாக நின்றால், எது முதலில் காலியாகிறது என்று எல்லார் கண்ணும் அங்கேதான் போகும். ஒப்பிட முடியாத வேலையாகக் கொடுங்கள்: ஒருவர் தயிர், ஒருவர் வாழைப்பழமும் இலையும், ஒருவர் முன்கூட்டியே வந்து அப்பளம் பொரிப்பது. 14 வகை செய்தவரை ஒதுக்க வேண்டாம். அவருக்குக் கைப்பக்குவம் இருக்கிறது, 6.40 தாளிப்புக்கு அவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். இரண்டு பேர் கை பட்ட சமையலுக்கு மதிப்பெண் போடுவது கஷ்டம்.

மெனுவை ஒரு வாரம் முன்பே குழுவில் சொல்லிவிடுங்கள். எதிர்பார்ப்போடு வந்து ஏமாந்தால்தான் முகம் மாறும். இப்படி எழுதலாம்: "சனிக்கிழமை நம்ம வீட்ல அரிசிம்பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல். 8 மணிக்கு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறோம். தயிர் நீங்க, வாழைப்பழமும் இலையும் நீங்க. வேற எதுவும் வேண்டாம், சீக்கிரமா வாங்க." இதில் "சிம்பிளாத்தான் பண்றேன், தப்பா நினைச்சுக்காதீங்க" என்ற வரி இல்லை என்பதைக் கவனியுங்கள். மன்னிப்புக் கேட்டால், குறை இருக்கிறது என்று நீங்களே சுட்டிக் காட்டியதாகிவிடும். "எங்களுக்கு ஆடம்பரமெல்லாம் பிடிக்காது" என்பதும் வேண்டாம். எளிமையில் யார் பெரியவர் என்று அடுத்த போட்டி அங்கேதான் ஆரம்பமாகும், அது பிரியாணிப் போட்டியைவிட மோசம்.

சொன்னதை மீறி யாராவது குலோப் ஜாமூன் கொண்டுவந்தால், நன்றி சொல்லி வாங்கி, கடைசியில் எல்லாருக்கும் பரிமாறிவிடுங்கள். வந்த உடனே திறந்து காட்டி "இது யார் செஞ்சது தெரியுமா?" என்று அறிவிக்கத் தேவையில்லை. "பிரியாணி இதைவிட நல்லா இருந்துச்சு" என்று யாராவது சொன்னால், "ஆமாங், அது நல்லாத்தான் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுங்களா?" என்றால் பேச்சு அங்கேயே அடங்கிவிடும்.

வராமல் இருக்கும் தோழியைக் குழுவில் கேட்காதீர்கள், போனில் கூப்பிடுங்கள். ஏன் வரவில்லை என்று துருவ வேண்டாம். தன் முறை வந்தால் 14 வகைக்கு எங்கே போவது என்ற கவலையாக இருக்கலாம். காசு விஷயமாக இருந்தால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "அரிசிம்பருப்புதான் செய்யறேன், வெங்காயம் உரிக்க ஆள் இல்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றீங்களா?" என்று கேளுங்கள். 300 கிராம் சின்ன வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டுவிட்டு உரித்தால் இரண்டு பேருக்கு கால் மணி நேர வேலைதான். பேச வேண்டியது இருந்தால் அதற்குள் தானாக வரும்.

மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வருகிறவர்களுக்கென்று ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் என்ற எண்ணம்தான் அது. அந்த ஒன்றை அவரிடமே விட்டுவிடுங்கள். வெல்லம் போட்டுச் சுடும் கச்சாயம் செய்யத் தெரிந்தவரென்றால் 30 சுட்டுத் தரச் சொல்லுங்கள். முதல் நாளே சுட்டு வைத்தாலும் கெடாது, சனிக்கிழமை அடுப்படியும் உங்களுக்கே இருக்கும்.

மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஃப்ரிஜ்ஜில் வைத்துவிடுங்கள். இரவு முழுக்க வெளியே கிடந்த சோற்றில் கிருமி உண்டாக்கும் நச்சு மறுநாள் சூடு பண்ணினாலும் போகாது. எவ்வளவு மிஞ்சியது என்று ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். மூன்று பேர் சாப்பிடும் அளவுக்கு மேல் மிஞ்சியிருந்தால், நான்கு மாதம் கழித்து உங்கள் முறை வரும்போது அரிசியில் ஒரு டம்ளரும் தண்ணீரில் இரண்டே முக்கால் டம்ளரும் குறைத்துக்கொள்ளலாம்.